பேச்சுப்போட்டிப் பதில் வராமல் கேட்பது எப்படி: போதைப்பொருள், மனநலம் பற்றிய மாணவர் ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கு "போதைப்பொருள், மனநலம் பற்றிய மாணவர் பார்வை" என்ற தலைப்பை எடுப்பவர்கள் உண்டு. பீட நலன்புரிக் குழுவோ மாணவர் ஒன்றியமோ எடுப்பதும் உண்டு. பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடிகிறது: "போதைப்பொருள் சமுதாயத்தைச் சீரழிக்கிறது" என்பதற்கு எல்லோரும் "முற்றாக உடன்படுகிறேன்" என்று அடையாளமிட்டிருப்பார்கள், அதை வட்ட வரைபடமாக்கி நிறம் பூசி ஒப்படைத்துவிடுவார்கள். அந்தப் படத்திலிருந்து எவரும் எதையும் அறிந்துகொள்ள முடியாது.

எங்கள் மாணவர் ஆறாம் ஆண்டிலிருந்து போதை ஒழிப்புக் கட்டுரை எழுதி, சுவரொட்டி வரைந்து, பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி வந்தவர்கள். கருத்தைக் கேட்டால் அந்தப் பேச்சைத்தான் திருப்பித் தருவார்கள். அது பொய்யல்ல, கேள்விக்கு ஏற்ற பதில். ஆகவே எது சரி என்று கேட்காமல், என்ன கண்டார்கள், என்ன செய்வார்கள், யாரிடம் போவார்கள் என்று கேட்கவேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வேலை.

எதை அளக்கப் போகிறீர்கள்

"பார்வை" என்று ஒரு சொல்லில் அடக்குவது உண்மையில் ஐந்தாறு விடயங்கள்: ஒரு பொருளால் எவ்வளவு தீங்கு என்று நினைக்கிறார்கள், பாவிப்பவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், மற்றவர்களில் எத்தனை பேர் பாவிப்பதாக நம்புகிறார்கள், தாங்கள் பாவிக்கிறார்களா, மனம் சரியில்லாதபோது உதவி கேட்பார்களா, போதையை மனத்துயரத்துக்குக் காரணமாகப் பார்க்கிறார்களா, மருந்தாகப் பார்க்கிறார்களா. ஒரு ஆளின் ஆய்வுக்கு இதில் மூன்று போதும். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். "டென்ஷனுக்கு ஒன்று பத்துறது", "நித்திரை வரோணும் எண்டு குடிக்கிறது" என்ற நியாயம் எந்த அறையிலும் கேட்கும். வினாக்கொத்தில் அதற்கு இடமில்லாவிட்டால், போதைப்பொருளும் மனநலமும் இரண்டு தனி ஆய்வாகப் பிரிந்து ஒரே அட்டைக்குள் கிடக்கும்.

யார் உங்கள் மாணவர் என்பதையும் முதலிலேயே எழுதிவையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியோடு முடிவதில்லை. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில். சித்த மருத்துவம் கைதடியில், நுண்கலை மருதனார்மடத்தில். வீட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர், விடுதியில் இருப்பவர், கொக்குவில் கோண்டாவில் பக்கம் அறை எடுத்திருப்பவர் ஆகிய மூவரின் இரவும் மூன்று விதம். கேள்விகளில் வயது, பால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தத் தங்குமிடக் கேள்வி. சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் கணிசமாக உள்ள பீடத்தில் சிங்களப் படிவம் இல்லாமல் இறங்கினால், தலைப்பில் "தமிழ் பேசும் மாணவர்" என்று போட்டுவிடுங்கள். ஆங்கில வினாக்கொத்தைக் கொடுத்துச் சமாளிப்பதுதான் இருப்பதில் மோசமான வழி. விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் மனவருத்தம் தாய்மொழியில்தான் இருக்கிறது.

பொருட்களின் பட்டியல்

வெளிநாட்டுப் படிவத்தில் "மது, புகையிலை, கஞ்சா, மற்றவை" என்று நான்கு பெட்டி இருக்கும். இங்கே அது போதாது. சிகரெட், பீடி, மின்சிகரெட் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலை வேறு, மாவா வேறு. மாவா போடுபவர் "புகையிலை பாவிக்கிறீர்களா" என்ற கேள்விக்கு இல்லை என்று நேர்மையாகவே சொல்லுவார். பியர், சாராயம், கள்ளு, கசிப்பு நான்கையும் பிரியுங்கள். "மதுபானம்" என்று கேட்டால் கள்ளுக் குடித்தவர் பலர் தம்மைச் சேர்க்கமாட்டார்கள். அதற்குப் பிறகு கஞ்சா, ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெற்றமின்). மாத்திரைகளுக்குத் தனி வரி வேண்டும்: பிரிகபலின், டிரமடோல், டயசிபாம் போன்றவை, இருமல் பாணி. மாத்திரைக் கேள்வியில் "வைத்தியர் எழுதித் தராமல், அல்லது எழுதித் தந்த அளவுக்கு மேல்" என்ற சொற்கள் இல்லாவிட்டால், முதுகு நோவுக்கு மருந்து எடுத்தவரும் கணக்கில் வந்துவிடுவார்.

கள்ளைப் பற்றி இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் கள்ளு என்ற சொல்லோடு சாதி இகழ்ச்சியும் ஒட்டிக்கொண்டு வரும். கள்ளுக் குடிப்பவரைப் பற்றிய கடுமையான பதிலில் எவ்வளவு உடல்நலக் கவலை, எவ்வளவு சாதி என்று பிரித்தறிய முடியாது. எனவே மனப்பாங்குக் கேள்விகளைக் கள்ளின்மேல் வைக்காதீர்கள். பாவனைக் கேள்வியில் மட்டும் வையுங்கள்.

பட்டியலின் நடுவே இல்லாத மாத்திரைப் பெயர் ஒன்றைச் செருகுங்கள், மருந்துப் பெயர் போலவே ஒலிக்கிறமாதிரி. அதைப் பாவித்ததாக அடையாளமிட்ட படிவங்கள் பம்பலுக்கு நிரப்பியவை. பகுப்பாய்விலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை எடுத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். முன்னதாகவே அந்தப் பெயரை இணையத்தில் தேடிப்பாருங்கள். எங்காவது உண்மையான மருந்தாக இருந்துவிடக்கூடாது.

காலம் மூன்று போதும்: வாழ்நாளில் ஒருமுறையாவது, கடந்த 12 மாதத்தில், கடந்த 30 நாளில். கூடவே "பல்கலைக்கழகம் வருமுன்பா, வந்த பிறகா முதலில்?" என்று ஒரு வரி. பழியைப் பல்கலைக்கழகத்தின் தலையில் போடுவதா, அதற்கு முன்பே தொடங்கியதா என்பது அந்த ஒரு வரியில்தான் தெரியும்.

மதுவின் அளவு: போத்தலிலிருந்து கிராமுக்கு

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஓடிட் (AUDIT) வினாக்கொத்து ஒரு "நியம அலகு" என்பதை 10 கிராம் தூய அற்ககோல் என்று கொள்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் எவருக்கும் விளங்காது. மாணவர் போத்தலில் எண்ணுவார்கள், நீங்கள்தான் மாற்றவேண்டும். கணக்கு எளிது: மில்லிலீற்றர் × வீதம் ÷ 100 × 0.789 (அற்ககோலின் அடர்த்தி).

8.8 வீத ஸ்ட்ராங் பியர் 625 மி.லீ. போத்தல் ஒன்றில் சுமார் 43 கிராம், அதாவது நான்கு அலகுக்கு மேல். 4.8 வீத பியர் அதே போத்தலில் சுமார் 24 கிராம். 33.5 வீதச் சாராயம் கால் போத்தல், 180 மி.லீ. என்று வைத்தால், ஏறக்குறைய 48 கிராம். கள்ளின் வீதம் புளிப்பைப் பொறுத்து மாறும். 5 வீதம் என்று எடுத்தால் 750 மி.லீ. போத்தலில் சுமார் 30 கிராம். "ஒரு பியர்தானே" என்று சொல்பவர் ஸ்ட்ராங் குடித்திருந்தால் கால் போத்தல் சாராயத்துக்குக் கிட்டவாகக் குடித்திருக்கிறார். இந்த விடயம் மாணவருக்குத் தெரியுமா என்பதையே ஒரு அறிவுக் கேள்வியாக வைக்கலாம். தீங்கு பற்றிய நீதிவாக்கியக் கேள்வி பத்தை விட இது ஒன்று பெறுமதி.

படிவத்தில் போத்தல் படங்களை வரைந்து, "வழமையான ஒரு நாளில் எத்தனை?" என்று கேளுங்கள். அலகாக மாற்றுவது பிறகு கணினியில்.

எந்த அளவுகோல்

ஓடிட் 10 கேள்விகள், புள்ளி 0 இலிருந்து 40, 8 உம் அதற்கு மேலும் தீங்கான குடி என்பதற்கான வழமையான எல்லை. இடம் குறைவென்றால் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கொண்ட குறு வடிவம் இருக்கிறது. பல பொருட்களையும் சேர்த்து அறிய அசிஸ்ட் (ASSIST) உண்டு, ஆனால் அது நேர்காணலுக்கென்று செய்தது. தாளில் தாங்களாகவே நிரப்பச் சொன்னால் எந்தக் கேள்வியை விட்டு எதற்குத் தாவுவது என்று குழம்புவார்கள்.

மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9 (PHQ-9). ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு கிழமை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27, எல்லை 10. பதற்றத்துக்கு ஜிஏடி-7 (GAD-7), மொத்தம் 21. இரண்டும் சலித்தெடுக்கும் கருவிகள். 10 எடுத்தவருக்கு மனச்சோர்வு நோய் என்று எழுதக்கூடாது.

பிஎச்கியூ-9 இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் அதற்கு 3 போட்டால் அவரைத் தேடிப் போக உங்களிடம் வழி இல்லை. அறிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலையில் நிற்பீர்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழு முதலில் கேட்பதும் இதைத்தான். இரண்டு வழி உண்டு: ஒன்பதாவதை விட்டுவிட்டு எட்டுக் கேள்வி வடிவத்தைப் பாவிப்பது (மொத்தம் 24, எல்லை அதே 10). அல்லது கேள்வியை வைத்துக்கொண்டு, படிவம் நிரப்பும் இடத்திலேயே ஓர் உளவளத்துணையாளரை இருத்துவது. பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் தனியாகச் செய்யும் ஆய்வுக்கு முதல் வழிதான் பொருத்தம்.

தமிழ் மொழிபெயர்ப்புகள் கிடைக்கும், ஆனால் அவற்றில் இந்தியத் தமிழும் உண்டு. ஒரு கேள்வி "உற்சாகமின்மை" என்று கேட்கும். இங்கே ஒருவர் தன் நிலையை "கன யோசனை", "மனம் சரியில்லை", "நெஞ்சு அடைக்குது", "தலை பாரம்" என்று சொல்வார். அளவுகோலின் வசனத்தை நீங்களே திருத்திவிட்டால் அந்தப் புள்ளி எல்லை செல்லாது. முறைப்படி மொழிபெயர்க்கவேண்டும்: இருவர் தனித்தனியே தமிழாக்கி, மூன்றாமவர் ஒன்றுசேர்த்து, மூலத்தைப் பார்த்திராத ஒருவர் திருப்பி ஆங்கிலமாக்கி, பிறகு எல்லோரும் கூடி இருந்து வேறுபாடுகளைத் தீர்ப்பது. அதோடு எட்டுப் பத்து மாணவரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து "இதை உங்கட சொல்லில சொல்லுங்கோ" என்று கேட்பது. இதற்கு நேரமில்லை என்றால், இருக்கும் மொழிபெயர்ப்பைத் தொடாமல் பாவித்து, மேலே சொன்ன வழக்குச் சொற்களை வைத்து உங்கள் சொந்தக் கேள்வி நான்கைந்து தனியாகச் சேருங்கள்.

கதைக் கேள்வி

மனப்பாங்கை அறிய உடன்பாட்டு வாக்கியங்களை விட ஒரு சின்னக் கதை நன்றாக வேலை செய்யும். உதாரணம்:

"நிரோஷன் இரண்டாம் வருட மாணவர். திருநெல்வேலியில் இரண்டு நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறார். இரண்டு மாதமாக இரவில் நித்திரை இல்லை. காலை விரிவுரைக்கு எழும்புவதில்லை. விரும்பி விளையாடிய கிரிக்கெட்டுக்கும் இப்போது போவதில்லை. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை."

இதன் இன்னொரு வடிவத்தில் ஒரு வரி கூடும்: "பெரும்பாலான இரவுகளில் தனியே இருந்து கஞ்சா புகைக்கிறார்." இரண்டையும் "நிரோஷா" என்ற பெண் பெயரோடும் செய்தால் நான்கு வடிவம். நானூறு படிவம் என்றால் ஒவ்வொன்றிலும் நூறு. கொடுக்குமுன் சீட்டுக்கட்டைப் போல் நன்றாகக் கலக்குங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நிரப்புவதும் இதனால் குறையும்.

கதைக்குக் கீழே கேட்கவேண்டியவை: இவருக்கு என்ன நடந்திருக்கிறது (தெரிவுகள்: மனச்சோர்வு, சோம்பல், காதல் தோல்வி, போதைப் பழக்கம், செய்வினை அல்லது கிரகபலன், ஒன்றுமில்லை)? இவரோடு ஒரே அறையில் இருப்பீர்களா? குழு வேலையில் சேர்ப்பீர்களா? யாரிடம் முதலில் சொல்வீர்கள்: நண்பர், வீட்டார், விடுதிப் பொறுப்பாளர், விரிவுரையாளர், உளவளத்துணையாளர், வைத்தியர், பூசகரோ மதகுருவோ, ஒருவரிடமும் இல்லை? கஞ்சா வரி சேர்ந்தவுடன் "வைத்தியர்" குறைந்து "விடுதிப் பொறுப்பாளர்" கூடினால், மாணவர் அதை நோயாக அல்ல, குற்றமாகப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்காமலே தெரிந்துவிடும். பெண் பெயரில் பதில் எப்படி மாறுகிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். அங்கேதான் பேச்சுப்போட்டித் தமிழ் உடைகிறது.

நம்பிக்கையைக் கேட்கும் கேள்வி ஒன்றும் கட்டாயம்: "உங்கள் பட்சில் 100 ஆண் மாணவர் இருந்தால், கடந்த 30 நாளில் எத்தனை பேர் மது குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" பெண் மாணவருக்கும் அப்படியே. உலகின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் இந்த எண்ணை உண்மையை விடக் கூட்டியே சொல்கிறார்கள். "எல்லாரும் செய்யினம்" என்ற எண்ணமே ஒருவரை இழுத்துவிடக்கூடும் என்பதால், இந்த இடைவெளிக்குப் பயன்பாடு அதிகம்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: நூறில் எத்தனை, கதை, அறிவு, மனநிலை, சொந்தப் பாவனை, உதவி நாடல், கடைசியில் ஆள்விபரம். மொத்தம் 40 கேள்விக்கு உள்ளே, நான்கு பக்கம், பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரே நிரலில் நேர்கோடாக அடையாளம் வரும்.

பெயரில்லை என்றால் உண்மையிலேயே இல்லை

"இரகசியம் காக்கப்படும்" என்று அச்சடிப்பது எளிது. ஹெரோயினும் கஞ்சாவும் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. மாணவருக்கு அது தெரியும். நீங்கள் வாங்கி வைக்காத பெயரை எவரும் உங்களிடம் கேட்டுப் பெற முடியாது. அதனால் சுட்டெண் வேண்டாம், கையொப்பம் வேண்டாம். சம்மதத்துக்கு ஒரு பெட்டியில் அடையாளம் போதும் என்று அறநெறிக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது என்பதும் விண்ணப்பத்தில் வரட்டும்.

பெயர் இல்லாமலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். கைதடி, இரண்டாம் வருடம், பெண், முல்லைத்தீவு மாவட்டம் என்று நான்கு பெட்டி நிரம்பினால் அது ஒரே ஒருவராக இருக்கக்கூடும். சொந்த மாவட்டத்துக்குப் பதில் "யாழ் மாவட்டம் / வட மாகாணத்தின் வேறு மாவட்டம் / வெளி மாகாணம்" என்று மூன்று போதும். வருடத்தை "1–2 / 3–4" என்று சேருங்கள். கையெழுத்தும் ஆளைக் காட்டும். தாள் படிவத்தில் விரிவாக எழுதச் சொல்லும் கேள்விகளை வைக்காதீர்கள்.

கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணையுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற தெரிவைப் போட்டால் உள்நுழையச் சொல்லும். உள்நுழையச் சொன்னவுடன் பாவிப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார். இரண்டு தரம் நிரப்புவோர் சிலர் வரட்டும், பயந்து ஓடுபவர் பலர் போவதை விட அது மேல். பட்ச் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு 60 பதில் வாங்கி "மாணவர் கருத்து" என்று எழுதுவது ஆய்வல்ல.

அனுமதிக்கு மருத்துவ பீடத்தின் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் தரவு சேகரிக்குமுன் விண்ணப்பிக்கவேண்டும். சேகரித்த பிறகு கேட்டு வாங்கும் அனுமதி என்று ஒன்று இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே தொடங்குங்கள். திருத்தம் கேட்டு ஒருமுறையாவது திரும்பி வரும் என்று வைத்தே நாட்காட்டி போடுங்கள். பீடாதிபதியின் அனுமதிக் கடிதம் அதற்கு வேறாக வேண்டும்.

எத்தனை பேர், எப்போது

மாதிரி எண்ணிக்கைக்கான வழமையான சூத்திரம் தருவது 384: 95 வீத நம்பகம், 5 வீதப் பிழை, பாவிப்பவர் 50 வீதம் என்ற ஊகம். 1200 மாணவர் உள்ள ஒரு பீடம் மட்டும் என்றால் 384 ÷ (1 + 383/1200), ஏறக்குறைய 291. வகுப்பு வகுப்பாக எடுப்பதால், ஒரே வகுப்பில் உள்ளவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதற்காக 1.5 ஆல் பெருக்கினால் 437. நூறில் பதினைந்து பேர் தரமாட்டார்கள் என்று வைத்து 0.85 ஆல் பிரித்தால் 514. பலர் முதல் வரியோடு நின்று 384 என்று எழுதி, எல்லாப் பீடத்திலும் தட்டிக்கொட்டி எடுப்பார்கள். ஒரு பீடத்தை ஒழுங்காக எடுப்பதுதான் நல்லது.

விரிவுரை மண்டபத்தில் மட்டும் எடுத்தால், நீங்கள் அறிய விரும்பும் ஆட்களே தப்பிவிடுவார்கள். இரவு முழுதும் விழித்திருந்தவர் காலை எட்டு மணிக்கு வரமாட்டார். வந்தாலும் வரவுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அதே வகுப்பை வேறொரு நாளில், பின்னேர வகுப்பில் அல்லது கட்டாய ஆய்வுகூட வகுப்பில் மறுபடி பிடியுங்கள். இரண்டாம் நாளில் வந்தவர்களின் படிவத்தில் மூலையில் ஒரு குறி போடுங்கள், பிறகு ஒப்பிடலாம்.

நாளைத் தெரிவதில் இந்த மண்ணுக்கே உரிய பொறிகள் சில உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். பலர் அந்த நாட்களில் மச்சம் விடுவார்கள், குடியையும் சேர்த்து விடுபவர் உண்டு. திருவிழா முடிந்த கிழமை "கடந்த 30 நாள்" என்று கேட்டால் வருடத்திலேயே குறைந்த எண் கிடைக்கும். றமழான் மாதமும் அப்படியே. பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையில் பிஎச்கியூ புள்ளி எல்லோருக்கும் ஏறும். நவம்பர் கடைசிக் கிழமையும் மே நடுப்பகுதியும் வளாகத்தில் வேறு கனம் உள்ள நாட்கள். அப்போது படிவத்தோடு போய் நிற்கவேண்டாம். புதுமுக மாணவர் வந்து பகிடிவதை நடக்கும் காலத்தில் முதல் வருடத்தினரிடம் எதையும் கேட்காதீர்கள். சிரேஷ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தில் எழுதுவார்கள்.

விரிவுரையாளர் வகுப்பறையில் நிற்கக்கூடாது. படிவம் கொடுப்பவர் வேறு பீடத்தவராக இருக்கட்டும். வாயில் பிளவுள்ள, மூடி ஒட்டிய ஒரு அட்டைப்பெட்டி கதவருகே இருக்கவேண்டும். விரும்பாதவரும் வெற்றுப் படிவத்தை மடித்து அதே பெட்டியில் போடட்டும், யார் மறுத்தார் என்று அப்போது எவருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரே நிறப் பேனை கொடுங்கள்.

நாணயம் சுண்டும் முறையைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு: தலை விழுந்தால் "ஆம்" என்று எழுது, பூ விழுந்தால் உண்மையை எழுது. 400 பேரில் 220 "ஆம்" என்றால் 55 வீதம். ஐம்பதைக் கழித்து இரட்டித்தால் 10 வீதப் பாவனை. அழகாக இருக்கும், ஆனால் பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் கிட்டத்தட்ட 10 ஆகவே வரும். அதாவது பூச்சியமாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். இரண்டாயிரம் பேர் இல்லாமல் இதைத் தொடவேண்டாம்.

கலந்துரையாடல் குழு

எண்கள் காரணத்தைச் சொல்லாது. அதற்கு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்கள், 60 இலிருந்து 90 நிமிடம். ஆண், பெண் வேறாக. சிரேஷ்டரும் கனிஷ்டரும் வேறாக. ஒரே விடுதியில் இருப்பவர்கள் ஒரே குழுவில் வேண்டாம். நடத்துபவர் அவர்களுக்குப் புள்ளி போடுபவராக இருக்கக்கூடாது.

முதல் விதி: சொந்தக் கதை கேட்பதில்லை. "உங்கட பட்சில", "ஒரு அறையில நாலு பேர் இருந்தால்" என்றே கேளுங்கள். யாராவது "நான்..." என்று தொடங்கினால் மெதுவாகத் தடுத்து, "அது பற்றிப் பிறகு தனியக் கதைப்பம்" என்று சொல்லுங்கள். அங்கே சொன்னது மறுநாள் கன்டீனில் இருக்கும். குழுவிலுள்ள ஏழு பேரின் வாயை நீங்கள் பூட்ட முடியாது.

ஐந்தாறு கேள்வி போதும். பட்ச் பார்ட்டியில் குடிக்காதவர் எப்படிச் சமாளிக்கிறார்? பரீட்சைக்கு முழித்திருக்க என்னென்ன எடுக்கிறார்கள்? ஒருவர் கூடிப்போச்சு என்று எப்போது நினைப்பீர்கள்? மனம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? உளவளத்துணையாளரின் அறை எங்கே இருக்கிறது, அங்கே போனால் யார் காண்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் உதவி நாடாமைக்கான காரணம் பெரும்பாலும் அறையின் வாசல் எந்த நடைபாதையைப் பார்க்கிறது என்பதில் இருக்கும். "விசர்", "மென்டல்", "அங்கொடை" (மனநல வைத்தியசாலை உள்ள ஊர்) என்று பகிடியாக விழும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் குழுவில் குடி பற்றிக் கேட்டதும் வரும் மௌனத்தையும், எத்தனை விநாடி என்று, குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். "பெடியள் சும்மா பம்பலுக்குத்தான் அடிக்கிறவங்கள்" என்பதை "இளைஞர்கள் பொழுதுபோக்காக அருந்துகின்றனர்" என்று திருத்தினால் தரவு போய்விட்டது. எழுதி முடித்துச் சரிபார்த்ததும் ஒலிக்கோப்பை அழியுங்கள்.

உதவித் தாள்

ஒவ்வொரு படிவத்தோடும் கிழித்து எடுக்கக்கூடிய ஒரு தாள், எல்லோருக்கும். தேவையானவருக்கு மட்டும் கொடுத்தால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். அதில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, அவசர அம்புலன்ஸ் 1990. பல்கலைக்கழக சுகாதார நிலையம், உளவளத்துணை அறையின் இடமும் நேரமும். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் மனநலக் கிளினிக் நாட்கள். அச்சடிக்குமுன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நீங்களே எடுத்துப் பாருங்கள்: தமிழில் கதைக்கிறார்களா, இரவில் எடுக்கிறார்களா என்று. இல்லையென்றால் அதையும் தாளில் எழுதுங்கள்.

தாளில் "இன்றே நிறுத்துவோம்" என்று போடவேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் அளவில் மனக்குழப்பமும் நடுக்கமும் உயிராபத்தாகலாம். அவர் வைத்தியரிடம் கேட்டுத்தான் நிறுத்தவேண்டும். ஹெரோயினைச் சில கிழமை நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், உடல் தாங்கும் அளவு அதற்குள் இறங்கியிருக்கும். மயங்கிக் கிடப்பவரைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, 1990 ஐ அழைத்து, விட்டுப்போகாமல் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்த மூன்று வரியும் எந்தச் சுவரொட்டியை விடவும் அறைக்குள் பயன்படும்.

எண்ணும்போது

"சொல்ல விரும்பவில்லை" என்ற பெட்டியை "இல்லை"யோடு சேர்க்காதீர்கள். தனி வகையாகவே விடுங்கள். ஐஸ் கேள்விக்கு அது கூடுகிறது, பியர் கேள்விக்குக் குறைகிறது என்றால் அதுவே ஒரு முடிவு. 400 இல் 34 பேர் கஞ்சா என்றால் 8.5 வீதம் என்று மட்டும் எழுதாமல் 5.8 இலிருந்து 11.2 வரை என்று எல்லையையும் எழுதுங்கள். வகுப்பு வகுப்பாக எடுத்ததால் அந்த எல்லை இன்னும் சற்று விரியும். ஐந்துக்குக் குறைந்த கலத்தை அட்டவணையில் வெளியிடாதீர்கள். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால் கைவர்க்கச் சோதனை (chi-square) பொருந்தாது, பிஷரின் சோதனையைப் போடுங்கள்.

பிஎச்கியூவில் 10 உம் அதற்கு மேலும் எடுத்தவரில் குடிப்பவர் கூட என்று வந்தால் "குடியால் மனச்சோர்வு" என்று எழுத ஆசை வரும். ஒரே நாளில் எடுத்த தரவு எது முந்தி என்று சொல்லாது. அதற்குத்தான் "மருந்தா, காரணமா" என்ற கேள்வி. மாணவர் எப்படி நம்புகிறார்கள் என்பதை அது சொல்லும். உங்கள் தலைப்பும் அவ்வளவுதான் கேட்கிறது. வாழ்நாளில் ஒருமுறை இழுத்துப் பார்த்தவரை "அடிமை" என்று எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை. பத்திரிகை அப்படித்தான் தலைப்புப் போடும். அதற்கு முன் நீங்களே ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதி, 30 நாள் எண்ணை முதல் வரியில் வைத்து, பீடம், விடுதி வாரியான எண்களைச் சேர்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

முடிவை முதலில் பார்க்கவேண்டியவர்கள் படிவம் நிரப்பியவர்கள். "நூறில் எத்தனை பேர் என்று நினைத்தீர்கள், எத்தனை பேர் உண்மையில் சொன்னார்கள்" என்ற இரண்டு எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து விரிவுரை மண்டப வாசலில் ஒட்டினால் போதும். பாவனைக் கேள்வியில் இடைவெளி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், நினைத்ததை விடக் கூடுதலாக இருந்தால், ஒட்டவேண்டாம். அந்த எண் சுகாதார நிலையத்துக்கும் உளவளத்துணைப் பிரிவுக்கும் மட்டும் போகட்டும்.

நிரப்பிய தாள்களை அறநெறிக் குழு சொன்ன காலம் வரை பூட்டிய அலுமாரியில் வைத்து, பிறகு துண்டாக்கும் இயந்திரத்தில் போடுங்கள். கட்டாகக் கட்டிப் பழைய கடதாசிக்காரரிடம் கொடுத்தால் அது கடலைக் கடைக்குத்தான் போய்ச் சேரும்.